பாயிண்ட் எடுக்காத லிபரோவுக்கு எம்விபி எப்படிக் கிடைத்தது? டான் மக்கண்டிலி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "பிலிப்பைன்ஸ் பெண்கள் வாலிபாலில் டான் மக்கண்டிலி என்ற லிபரோவை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? சர்வீஸ் போட முடியாது, பிளாக் பண்ண முடியாது, ஸ்மாஷ் அடிக்க முடியாது, அப்படிப்பட்ட பொசிஷனில் ஆடும் ஒருவருக்கு எம்விபி (மிகச் சிறந்த வீராங்கனை விருது) எல்லாம் எப்படிக் கொடுத்தார்கள்? உண்மையிலேயே பெரிய ஆளா, இல்லை ரசிகர்களின் ஆர்ப்பாட்டமா?"

நேரடியாகச் சொன்னால், உண்மையிலேயே பெரிய ஆள்தான். ஆனால் இணையத்தில் சுற்றும் டைவ் வீடியோக்களை வைத்து அவரை எடை போடாதீர்கள். அவர் தொட்ட பந்து அடுத்து யார் கைக்குப் போனது, எவ்வளவு சௌகரியமாகப் போனது என்று பார்த்தால்தான் அவருடைய மதிப்பு புரியும். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

முதலில் லிபரோவின் விதிகள். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். 1998 வாக்கில்தான் சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு இந்தப் பொசிஷனைக் கொண்டுவந்தது. உயரமான அட்டாக்கர்களின் அடி பலமாகிக்கொண்டே போக, ராலி (பந்து இருபக்கமும் மாறி மாறிப் போய்வருவது) என்பதே இல்லாமல் போய்விடும் போலிருந்தது. அதனால் பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே ஓர் ஆளை, வேறு நிறச் சட்டையோடு, சப்ஸ்டிடியூஷன் கணக்கில் சேராமல் உள்ளே வெளியே போய்வர அனுமதித்தார்கள். அதற்கு விலையாகச் சில தடைகள். சர்வீஸ் கிடையாது. பிளாக் செய்யக் கைதூக்கவே கூடாது. வலையின் உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து எதிர்ப்பக்கம் அனுப்பக் கூடாது. முன்பகுதியில், அதாவது மூன்று மீட்டர் கோட்டுக்குள் நின்று விரல்களால் செட் செய்தால், அந்தப் பந்தை வலைக்கு மேலே வைத்து வேறு யாரும் அடிக்கவும் கூடாது.

பெரும்பாலான அணிகளில் மிடில் பிளாக்கர் (வலையின் நடுவில் நின்று தடுப்பவர்) பின்வரிசைக்குச் சுற்றி வரும்போது அவருக்குப் பதிலாக லிபரோ உள்ளே வருவார். மிடில் இருவருக்குமே மாற்று இவர்தான், ஆகவே அந்த மிடில்கள் சர்வீஸ் போடும் நேரம் தவிர, மேட்ச் முழுக்க ஏறக்குறைய எல்லா ராலியிலும் லிபரோ தரையில் இருப்பார். ஒரு பக்கக் களம் ஒன்பதுக்கு ஒன்பது மீட்டர். எதிரணி அட்டாக்கர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் பந்து வந்து சேர ஏறக்குறைய 0.32 நொடி ஆகும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, ஓடி எடுப்பது மனித உடம்பால் ஆகிற காரியம் இல்லை. பந்து அடிபடுவதற்கு முன்பே அங்கே போய் நிற்க வேண்டும். செட்டர் (அட்டாக்கர் அடிப்பதற்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர்) யாருக்குக் கொடுக்கிறார், பந்து வலைக்கு எவ்வளவு ஒட்டிப் போகிறது, அட்டாக்கரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, நம் பிளாக் எந்த வழியை மறைத்திருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் படித்துவிட்டு நகர்வதுதான் லிபரோவின் வேலை. மக்கண்டிலி இதில் கெட்டிக்காரர்.

இனி ஆள். 1996இல் பிறந்தவர், படங்காஸ் மாகாணத்தின் தனாவான் நகரைச் சேர்ந்தவர். உயரம் ஐந்தடி, அதாவது 153 சென்டிமீட்டரை ஒட்டி. லிபரோக்கள் குட்டையாக இருப்பது புதிதல்ல, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஜப்பானின் யூகோ சானோவே 159 தான். ஆனாலும் ஐந்தடி என்பது இந்தத் தரத்தில் அபூர்வம். பிலிப்பைன்ஸில் வாலிபால் மேல் பைத்தியமாக இருக்கும் பெண் குழந்தைகள் ஏராளம், அவர்களில் உயரமாக வளர்பவர்கள் குறைவு. லிபரோ என்ற பொசிஷன் இல்லாமல் போயிருந்தால் அவர்களில் பலர் பள்ளி அணியோடு நின்றிருப்பார்கள். அந்த நாடு நல்ல லிபரோக்களை வரிசையாகத் தந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மெலிசா கோஹிங், டெண்டென் லசாரோ, மக்கண்டிலி, காத் அராடோ, ஜென் நியெர்வா என்று அந்த வரிசை நீளும்.

அவர் படித்ததும் ஆடியதும் மணிலாவின் டி லா சால் பல்கலைக்கழகத்தில். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: யுஏஏபி என்று எட்டுப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டிக்கு அரனெட்டா கொலீசியம் நிரம்பி வழியும், டிவியில் நாடே பார்க்கும். குறிப்பாக லா சாலும் அட்டெனியோவும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். லா சாலின் பயிற்சியாளர் ரமில் டி ஹேசுஸ் அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர், பிளாக்கும் பின்வரிசையும் ஒரே இயந்திரமாக ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அவருடைய அமைப்பில் லிபரோ இஷ்டத்துக்குத் தாவிக்கொண்டிருக்க முடியாது. பிளாக் நேர்க்கோட்டை மூடினால் லிபரோ குறுக்கே நிற்க வேண்டும், மூடத் தவறினால் ஒரு அடியில் அதைச் சரிக்கட்ட வேண்டும். மக்கண்டிலியின் பிற்கால ஆட்டத்தில் தெரியும் நிதானம் இவருடைய பயிற்சியில் கற்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2014, 2015 இரண்டு ஆண்டுகளும் இறுதியில் அட்டெனியோவிடம் லா சால் தோற்றது. அதில் 2014 தோல்வி கொடுமையானது. லீக் சுற்றில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் வந்த அணி அது, இறுதியில் அட்டெனியோ மூன்று முறை ஜெயித்தால்தான் கோப்பை என்ற நிலை இருந்தும் கோப்பையை விட்டது. அட்டெனியோவின் அலிசா வால்டெஸ் என்ற அட்டாக்கர் அந்த ஊரின் மிகப்பெரிய விளையாட்டு நட்சத்திரமாக ஆனது அந்த ஆண்டுகளில்தான். அந்தப் பக்கம் லிபரோ லசாரோ. வால்டெஸின் அடியை எடுப்பது எப்படி என்பதுதான் அந்தக் காலத்தில் லா சால் முன்னிருந்த பெரிய கேள்வி.

2016இல் விடை கிடைத்தது. மூன்று ஆட்டங்கள் வரை போன இறுதியில் லா சால் ஜெயித்தது. 2017இல் அதே அட்டெனியோவை 2-0 என்று வென்றது. 2018இல் ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை 2-0. தொடர்ந்து மூன்று கோப்பை, லா சாலுக்கு மொத்தத்தில் பதினோராவது. மூன்று இறுதிகளிலும் சிறந்த வீராங்கனை விருது லா சாலுக்கே போனது, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொருவர்: 2016இல் கிம் கியானா டை, 2017இல் டெசிரே செங், 2018இல் மக்கண்டிலி. முதல் இருவரும் அடித்துப் பாயிண்ட் எடுப்பவர்கள். மூன்றாமவருக்கு அந்த வழியே இல்லை.

ஏன் 2018இல், ஏன் அவருக்கு? இங்கேதான் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். முந்தைய ஆண்டு வரை லா சாலின் செட்டர் கிம் ஃபஹார்டோ. அனுபவசாலி, மோசமான முதல் தொடுதல் வந்தாலும் ஓடிப்போய் ஏதாவது செய்து அட்டாக்கருக்கு ஒரு பந்து வைத்துவிடுவார். அவர் 2017 சீசனோடு விடைபெற்றார். 2018இல் அந்த இடத்துக்கு வந்தவர் மிஷெல் காப், இளையவர், அவ்வளவு பெரிய மேடையில் முதன்முறையாக ஓர் அணியையே நடத்த வேண்டிய நிலை. இப்படிப்பட்ட செட்டரைக் காப்பாற்ற ஒரே வழி, அவர் ஓட வேண்டிய அவசியமே இல்லாதபடி பந்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். சர்வீஸ் ரிசீவ், அதாவது எதிரணியின் சர்வீஸை எடுக்கும் முதல் தொடுதல், சரியாக வலையருகே வந்தால் செட்டருக்கு மூன்று நான்கு வழிகள் திறக்கும். மிடிலில் மாஜாய் பாரோனை வைத்து வேகமான பந்து போடலாம், அதைப் பார்த்து எதிரணி பிளாக்கர் ஒரு கணம் தயங்கினால் ஓரத்தில் நிற்பவருக்கு ஒற்றை பிளாக் மட்டுமே எதிரில் இருக்கும். ரிசீவ் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் மிடில் வழி மூடிவிடும், எல்லோருக்கும் தெரிந்த உயரமான பந்து ஒன்று ஓரத்துக்குப் போகும், அங்கே இரண்டு பேர் கைதூக்கிக் காத்திருப்பார்கள்.

அந்த இரண்டு மீட்டர்தான் மக்கண்டிலியின் பங்களிப்பு. பாயிண்ட் பட்டியலில் அது பாரோன் பெயரிலோ டை பெயரிலோ ஏறும். விருது கொடுத்தவர்கள் அதற்கு முந்தைய தொடுதலையும் பார்த்தார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இறுதிப் போட்டியின் எம்விபி லிபரோவுக்குப் போவது எந்த நாட்டிலும் அபூர்வம்.

இதற்கு முன்பே இன்னொரு எம்விபி அவர் கையில் இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே பிலிப்பைன் சூப்பர் லிகா என்ற கிளப் லீக்கில் எஃப்2 லாஜிஸ்டிக்ஸ் அணிக்கு ஆடினார். அந்த அணி ஏறக்குறைய லா சாலின் நீட்சிதான், ரமில் டி ஹேசுஸே பயிற்சியாளர், ஆரா கலாங், ஏபி மரன்யோ, சா க்ரூஸ் போன்ற பழைய மாணவிகள் ஒரு பக்கம், படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். 2016 ஆல்-பிலிப்பினோ கோப்பையை அவர்கள் வென்றார்கள், தொடரின் எம்விபி மக்கண்டிலி. அப்போது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். இறுதிப் போட்டி எம்விபி கூட இரண்டு மூன்று நாள் நன்றாக ஆடினால் வந்துவிடும் என்று வாதம் செய்யலாம். முழுத் தொடரின் எம்விபிக்கு அந்த வாதம் எடுபடாது. அதனால் இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் 2016ஐத்தான் சொல்வேன், ரசிகர்களில் பெரும்பாலானோர் 2018ஐச் சொல்வார்கள். 2017இல் வெளிநாட்டு வீராங்கனைகளோடு ஆடும் கிராண்ட் ப்ரீ கோப்பையும் எஃப்2வுக்கு வந்தது.

சரி, உள்ளூரில் ஜெயித்தது இருக்கட்டும், வெளியே என்ன ஆனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கொஞ்சம் கசப்பான விடை.

2017 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் பிலிப்பைன்ஸிலேயே, மணிலாவுக்குத் தெற்கே பின்யான், முந்தின்லூபா நகரங்களில் நடந்தது. ஜப்பான் கோப்பையை வென்றது, தாய்லாந்து இரண்டாம் இடம், பிலிப்பைன்ஸ் எட்டாம் இடம். எட்டாம் இடம் பிடித்த அணியிலிருந்து ஒருவர் தனிநபர் விருது வாங்குவது சாதாரண விஷயமில்லை. மக்கண்டிலிக்குத் தொடரின் இரண்டாவது சிறந்த லிபரோ விருது கிடைத்தது. 'ஆசியாவின் இரண்டாவது சிறந்த லிபரோ' என்ற பட்டம் அன்றிலிருந்து ஊடகங்களில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'மிஸ் எவ்ரிவேர்' என்பது ரசிகர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர்.

இந்தப் பட்டத்தை அப்படியே விழுங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த விருதுகள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுப்பவை, எத்தனை டிக் (எதிரணி அடித்த பந்தைத் தரையில் விழாமல் எடுப்பது), எத்தனை நல்ல ரிசீவ் என்று. பலவீனமான அணியின் லிபரோவுக்கு எடுக்க வேண்டிய பந்துகள் அதிகம் வரும், ஏனென்றால் எதிரணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பிளாக் உயரமாக உள்ள அணியில் பாதிப் பந்து வலையிலேயே நின்றுவிடும், லிபரோவுக்கு வேலை குறைவு. காத் அராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட் அணியில் ஆடினார், அது பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கிடந்த அணி. மேட்சுக்கு மேட்ச் அவர் எடுத்த டிக்குகளைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். அவரும் மிகச்சிறந்த லிபரோதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்த எண்ணை மக்கண்டிலியின் எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 'இவரைவிட அவர் மேல்' என்று முடிவுகட்டுவது அர்த்தமில்லாதது. அராடோ வெள்ளத்தில் நின்றார், மக்கண்டிலி நல்ல அணை கட்டிய ஆற்றில் நின்றார். ஆசியத் தொடரில் நிலைமை தலைகீழ், அங்கே மக்கண்டிலியும் வெள்ளத்தில்தான். இரண்டு சூழலிலும் அவர் நன்றாக ஆடினார் என்பதுதான் அந்த 2017 விருது எனக்குச் சொல்லும் செய்தி. 'ஆசியாவில் இரண்டாமவர்' என்ற வரிசை எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் பெண்கள் வாலிபால் அணி 36 ஆண்டுகளுக்குப் பிறகு கலந்துகொண்டது. 1982 டெல்லிக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அங்கேயும் எட்டாம் இடம். அடுத்து 2019 டிசம்பர், தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி, சொந்த மண்ணில், பாசிக் நகரின் ஃபில்ஸ்போர்ட்ஸ் அரங்கில். பெண்கள் வாலிபாலில் கலந்துகொண்டவையே நான்கு அணிகள்: தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். நான்கில் மூன்று அணிக்குப் பதக்கம் உண்டு, பிலிப்பைன்ஸுக்கு இல்லை. அந்தப் போட்டியில் அந்த நாடு கடைசியாக வெண்கலம் வாங்கியது 2005இல், தங்கம் 1993இல். ஒரு காலத்தில் வரிசையாகத் தங்கம் வாங்கிய நாடு அது. அந்தத் தலைமுறையின் எல்லோருக்கும் இது ஆறாத புண், மக்கண்டிலி உட்பட.

இதில் லிபரோவின் குற்றம் எவ்வளவு? என் பார்வையில் மிகக் குறைவு. தாய்லாந்து அணி சிறுவயதிலிருந்தே ஒன்றாக ஆடி, ஆண்டு முழுவதும் சர்வதேச லீக்கில் சுற்றி வளர்ந்த அணி. பிலிப்பைன்ஸில் தேசிய அணி என்பது கிளப் லீக்கும் கல்லூரி லீக்கும் முடிந்த இடைவெளியில் கூட்டிச் சேர்ப்பது. கிளப் முதலாளிகள் ஆளை விட வேண்டும், பல்கலைக்கழகங்கள் விட வேண்டும், நிர்வாகச் சண்டைகள் வேறு. பின்வரிசை என்பது பழக்கத்தால் வருவது. லிபரோவுக்கும் பக்கத்தில் நிற்கும் ஓப்பன் ஸ்பைக்கருக்கும் (ஓரத்திலிருந்து அடிப்பவர்) நடுவே விழும் பந்து யாருடையது என்பதை வாய்விட்டுக் கேட்டு முடிவெடுக்க நேரம் கிடையாது, அது ஆயிரம் முறை சேர்ந்து ஆடினால்தான் வரும். லா சாலிலும் எஃப்2விலும் மக்கண்டிலிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. தேசிய அணியில் மூன்று வாரப் பயிற்சி முகாமில் அது வராது. சர்வீஸ் ரிசீவில் பிலிப்பைன்ஸ் தடுமாறிய மேட்சுகளில் எதிரணிகள் பெரும்பாலும் லிபரோவைத் தவிர்த்துப் பக்கத்து ஆளைக் குறிவைத்துத்தான் போட்டார்கள். புத்திசாலி எதிரணி நல்ல லிபரோவைத் தொடவே மாட்டாது, அதுதான் அந்தப் பொசிஷனின் சாபம்.

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. ஐந்தடி உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. தோளுக்கு மேலே வேகமாக வரும் பந்து, களத்தின் பின்கோட்டை நோக்கி மிதந்து போகும் ஃப்ளோட் சர்வீஸ், பிளாக்கில் பட்டு உயரே பின்னால் பறக்கும் பந்து, இவற்றில் 170 சென்டிமீட்டர் லிபரோ கைநீட்டி எடுப்பதை இவர் இரண்டு அடி ஓடி எடுக்க வேண்டும். அவர் அதை வேகத்தால் ஈடுகட்டினார், இளவயதில் அது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. இரண்டாவது குறை என்று நான் நினைப்பது செட்டிங். செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்டால் இரண்டாவது பந்தை வைப்பது லிபரோவின் பொறுப்பு. மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து தாவி விரலால் செட் செய்வதை இன்றைய ஜப்பான், தாய்லாந்து லிபரோக்கள் அநாயாசமாகச் செய்கிறார்கள். மக்கண்டிலி பாதுகாப்பாக வைப்பார், அட்டாக்கருக்கு அடிக்கத் தோதாக இருக்கும், ஆனால் எதிரணி பிளாக்கை ஏமாற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது. இதைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கல்லூரிக்குப் பிந்தைய கிளப் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் கோப்பைகள் அங்கே குறைந்துபோயின. சூப்பர் லிகா கொரோனா காலத்தோடு ஓய்ந்தது, அணிகள் பிரீமியர் வாலிபால் லீக்குக்கு மாறின, எஃப்2வும் போனது. அங்கே க்ரீம்லைன் என்ற அணியின் ராஜ்ஜியம், வால்டெஸின் அணி. எஃப்2வுக்கு அந்த லீக்கில் ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. 2023 இறுதியில் அணியையே கலைத்துவிட்டார்கள். மக்கண்டிலி சிக்னல் அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஷாக் டெலோஸ் சாண்டோஸ், 2018 ஜகார்த்தாவில் தேசிய அணியை நடத்தியவர், ஆகவே முன்பின் தெரியாத இடமில்லை. 2024இல் வெளிநாட்டு வீராங்கனைகளோடு ஆடும் தொடரில் சிக்னல் இறுதிவரை போய் க்ரீம்லைனிடம் தோற்றது. திருமணத்துக்குப் பிறகு மக்கண்டிலி-கடிண்டிக் என்ற பெயரில் ஆடுகிறார், புதிய மேட்ச் விவரங்களைத் தேடுபவர்கள் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

பலர் கவனிக்காத ஓர் அத்தியாயம் 2024 மே மாதம். ஆசிய சேலஞ்ச் கோப்பை மணிலாவின் ரிசால் நினைவு அரங்கில் நடந்தது. பிலிப்பைன்ஸ் அணிக்குப் புதிதாக 'அலாஸ் பிலிப்பினாஸ்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள், பிரேசில்காரர் ஜோர்ஜே சூசா டி ப்ரிட்டோ பயிற்சியாளர், ஜியா டி குஸ்மான் கேப்டனும் செட்டரும். ஏஞ்சல் கனினோ, தியா ககாடே என்று இளம் பெண்களும் கலந்த அணி, சில நாள் பயிற்சியோடு களமிறங்கியது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. லீக் சுற்றில் நான்கு மேட்சும் ஜெயித்தார்கள், அரையிறுதியில் கஜகஸ்தானிடம் தோற்றார்கள், வெண்கலப் போட்டியில் ஆஸ்திரேலியாவை நேர் செட்டுகளில் வென்றார்கள், கடைசி செட் 25-7. மக்கண்டிலி அந்த அணியின் மூத்தவர்களில் ஒருவர், லிபரோவாக நியெர்வாவும் கூட இருந்தார். இளம் அட்டாக்கர்கள் துணிந்து அடிக்க முடிந்ததற்கு டி குஸ்மானின் செட்டிங் முதல் காரணம் என்றால், அந்தச் செட்டிங்குக்குத் தோதாகப் பந்து வந்தது இரண்டாவது காரணம். 2018இல் காப்புக்குச் செய்த அதே வேலை, இந்த முறை நாட்டிலேயே சிறந்த செட்டருக்கு.

இரண்டு மாதம் கழித்து ஜூலையில் சர்வதேசக் கூட்டமைப்பின் (எஃப்ஐவிபி) சேலஞ்சர் கோப்பையில் வியட்நாமிடம் 0-3 என்று தோற்று முதல் மேட்சிலேயே வெளியேறியது தனிக்கதை. அங்கே உயரமும் அனுபவமும் என்ன செய்யும் என்று தெரிந்தது. 2025இல் ஹனோயில் ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் அணி வெள்ளி வரை போனது, இறுதியில் மறுபடியும் வியட்நாம்தான்.

"லசாரோவா, மக்கண்டிலியா, அராடோவா, நியெர்வாவா, யார் பெரியவர்?" என்ற கேள்வியும் கூடவே வரும் என்று தெரியும். சர்வீஸ் ரிசீவ் மட்டும் பார்த்தால் மக்கண்டிலி. தோற்கும் அணியில் நின்று தனியாகத் தாங்கியதைப் பார்த்தால் அராடோ. லசாரோ ஆடிய அட்டெனியோ அணி 2015இல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது, அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. நியெர்வாவும் 2022இல் நேஷனல் யூனிவர்சிட்டியோடு அதே மாதிரி தோல்வியே இல்லாத சீசன் ஒன்றைப் பார்த்தவர், இவர்களில் இளையவர், இன்னும் நீண்ட காலம் இருக்கிறது. மொத்தமாக, உள்ளூர்க் கோப்பைகள், இரண்டு எம்விபி, ஆசிய விருது, ஏழெட்டு ஆண்டுகள் தேசிய அணிக்குத் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டது எல்லாவற்றையும் கூட்டினால் என் ஓட்டு மக்கண்டிலிக்கு.

கடைசியாக, மேட்ச் பார்க்க விரும்பினால் 2018 இறுதியின் இரண்டு ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள். முதல் செட்டை வழக்கம்போலப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது செட்டில் பந்தைப் பார்க்காமல், எதிரணி சர்வீஸ் போடும் நேரத்தில் வேறு நிறச் சட்டைக்காரரின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அவர் நகர்ந்திருப்பார், பந்து வரும்போது அசையாமல் நிற்பார். அப்புறம் காப் எத்தனை அடி நகர வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். பெரும்பாலான ரிசீவுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு.